கடவுச்சொல்லின் கடவு

ஈசா டவுனில் பஹ்ரைன் நாட்டுப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தின் பலகையில் 'முரூர்' என்றோர் அரபுச் சொல்லைக் காணலாம். ஓட்டுநர் உரிமத்துக்கோ வண்டிப் பதிவுக்கோ அங்கே போய்வந்த நம்மவருள் அரபி எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் அதைப் படித்திருப்பார்கள். அதே ஊரில் அரபு மொழிக்கு அமைத்த கணினி ஒன்றைத் திறந்தால், பெயருக்கு ஒரு கட்டமும் அதன்கீழ் இன்னொரு கட்டமும் வரும். இரண்டாவதன் தலைப்பு 'கலிமத்துல் முரூர்'. சாலையில் வண்டிகள் கடந்துபோவதற்கு எந்தச் சொல்லோ அதே சொல்தான் திரையின் வாயிலைக் கடப்பதற்கும். கலிமா என்றால் சொல் என்பதைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழந்தையும் அறியும். முரூர் என்றால் கடந்துசெல்லுதல். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் நம்முடைய கடவுச்சொல் அப்படியே எதிரே வந்து நிற்கிறது.

ஆங்கிலத்துப் 'பாஸ்வேர்டு' என்ற பெயரை எதிரே வைத்துக்கொண்டு ஆக்கியவைதாம் இரண்டும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆக்க உட்கார்ந்தவர்கள் அந்த ஒலியைத் தூக்கி வந்து வைக்காமல், தத்தம் மொழியில் மக்கள் நாள்தோறும் புழங்கும் ஒரு வினையைத் தேடி எடுத்தார்கள். அரபியர் 'மர்ர' என்ற வினையை எடுத்தார்கள், நாம் 'கட' என்பதை எடுத்தோம். இந்தக் கட என்பது தமிழில் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று பின்னே போய்ப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. சொல்லில் சுவை காண்பவர்கள் உடன் வரலாம்.

கட என்னும் வினைக்குத் தாண்டு, அப்பால் போ, மிஞ்சு, வெல், மீறு என்று பொருள்கள் விரியும். ஆற்றைக் கடந்தான், எல்லை கடந்தான், பகை கடந்தான், சொல் கடந்தான், எல்லாம் ஒரே காலடியின் வேறு வேறு தடங்கள். அந்த வினையடியில் பிறந்த பெயர்களுள் கடவு என்றால் வழி. கடப்பு என்றால் கடத்தல் மட்டுமன்று, வேலியிலோ சுவரிலோ ஆள் நுழைய விட்ட ஒடுங்கிய இடைவெளியும் ஆகும். யாழ்ப்பாணத்துப் பனையோலை வேலிகளை அறிந்தவர்களுக்கு இப்பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆடு மாடு போகாது, ஆள் போகலாம். வேலியும் இருக்க வேண்டும், வழியும் வேண்டும். இன்றைய கணினிப் பாதுகாப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஓரடி அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இலங்கையில் அந்த வினை இன்னும் தெருவிலேயே நடமாடுகிறது. நடந்து போகிறவர் சாலையைக் குறுக்கே தாண்டும் கோடிட்ட இடம் அங்கே பாதசாரிக் கடவை. தண்டவாளத்தைச் சாலை வெட்டும் இடம் புகையிரதக் கடவை. தமிழ்நாட்டில் நாம் 'ரயில்வே கேட்' என்று சொல்லி முடித்துவிடும் இடத்தில் அவர்கள் ஒரு பழந்தமிழ் வினையை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பொறாமைப்பட வேண்டிய செய்தி. அயல்நாட்டுப் பயண ஆவணத்துக்கு அவர்கள் அரசு வழங்கும் பெயர் கடவுச்சீட்டு. மலேசியத் தமிழர் கடப்பிதழ் என்பார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழருக்கு அந்தச் சீட்டைவிடப் பெரிய தாள் வேறில்லை. அரபியில் அதற்கு 'ஜவாஸ்' என்று பெயர். அந்த வேரும் கடத்தலைக் குறிப்பதே. நடந்து கடப்பது, பின் கடக்க இசைவு பெறுவது, பின் அந்த இசைவைச் சொல்லும் தாள் என்று அது மூன்று படி ஏறியிருக்கிறது. அதே வேரில் பிறந்த 'மஜாஸ்' என்பது அரபு அணியிலக்கணத்தில் உருவகம் முதலிய ஆகுபொருள் வழக்குக்குப் பெயர்: ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குச் சொல் கடந்துபோகும் இடம். குடியேற்ற அலுவலகத்தையும் அணியிலக்கணத்தையும் ஒரே வேரில் கட்டிப்போட்ட மொழிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நம் பாதைக்குத் திரும்புவோம்.

பஹ்ரைனில் நம் பக்கத்து அறையில் இருப்பவர் பெரும்பாலும் மலையாளியாக இருப்பார். அவரிடம் கடவு என்றால் என்னவென்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: ஆற்றுத்துறை, தோணி ஏறும் இடம், குளிக்கும் படித்துறை. தமிழில் பொதுவாக வழி என்று நின்ற சொல், ஆறுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கேரளத்தில் நீர்க்கரைக்கு இறங்கிவிட்டது. எம். டி. வாசுதேவன் நாயர் 1991இல் எடுத்த படத்தின் பெயரே 'கடவு'தான். ஊர்ப்பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எறணாகுளம் மாவட்டத்தில் பாறக்கடவு ஓர் எடுத்துக்காட்டு. தோணிக்காரன் ஆளை அக்கரைக்குக் கொண்டுபோவது அங்கே கடத்து. நமக்கோ கடத்தல் என்றவுடன் காவல்துறை நினைவுக்கு வருகிறது. தங்கம் கடத்துவது, ஆளைக் கடத்துவது, வேலை செய்யாமல் நாளைக் கடத்துவது, செப்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்துவது எல்லாம் கட என்பதன் பிறவினையே. கடவுச்சொல்லைத் திருடுபவனும் கடவுச்சொல்லும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது தமிழ் நமக்குக் காட்டும் சின்னக் குறும்பு.

இதனோடு இன்னொரு கடவு உண்டு. அது பெயரன்று, வினை. கடவுதல் என்றால் செலுத்துதல். தேர் கடவுதல் பழைய இலக்கியங்களில் பயின்ற வழக்கு. அது நீண்டு கடாவுதல் ஆகும்போது செலுத்துதலோடு வினவுதல் என்ற பொருளையும் பெறுகிறது. உரையாசிரியர்கள் 'கடாவிடை' என்றால் வினாவும் விடையும். இங்கே சற்று நிற்க வேண்டும். வாயில் காவலன் வருபவனை நிறுத்திக் கடாவுகிறான். வருபவன் விடை சொல்லிக் கடக்கிறான். கணக்கு மீட்கும்போது உங்கள் முதல் பள்ளியின் பெயர் என்ன என்று திரை கேட்பதும் ஒரு கடாதான். கடவுள் என்ற சொல்லையும் இந்த இரு கடவுகளில் ஒன்றோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள்: எல்லாவற்றையும் கடந்தவர் என்று ஒரு சாரார், எல்லாவற்றையும் செலுத்துபவர் என்று ஒரு சாரார். அந்த வழக்கில் நான் தலையிடப்போவதில்லை. தொல்காப்பியமே 'கடவுள் வாழ்த்து' என்ற தொடரை ஆள்கிறது என்பதால் இந்தச் சொல்லின் வயதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இரண்டு கடவு இருப்பதால் ஒரு வேடிக்கை விளைகிறது. செயலிகளிலும் வங்கிப் பக்கங்களிலும் 'கடவு சொல்' என்று ஒற்றில்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடவுக்கு உரிய சொல் என்பது நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை; சகர ஒற்று மிக வேண்டும். ஒற்றை எடுத்துவிட்டால் தொகை மாறி வினைத்தொகையாகிறது: கடவிய சொல், கடவுகின்ற சொல், கடவும் சொல். முன்னதில் சொல்லைக் கொண்டு நாம் கடக்கிறோம்; பின்னதில் சொல்லே தேரோட்டியாகி எதையோ செலுத்துகிறது. ஒரே ஒரு 'ச்' வாசலைப் பூட்டியும் திறந்தும் வைக்கிறது என்பதை எண்ணினால், எட்டு எழுத்தில் ஓர் எழுத்துப் பிசகியதற்கு உள்ளே விட மறுக்கும் கணினிமேல் கோபம் வராது. 'விரிதாள்' என்பதோ வினைத்தொகையாகவே பிறந்தது. விரிந்த தாள், விரிகின்ற தாள், விரியும் தாள். வரிசைக்கு வரிசை இன்னும் கீழே போய்க்கொண்டே இருக்கும் எக்செல்லுக்கு முக்காலமும் காட்டும் அந்தப் பெயரைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அரபியர் அதே தாளை 'ஜத்வல்' என்ற சொல்லால் குறிப்பார்கள். அட்டவணை என்பது இன்றைய பொருள். ஓடை, வாய்க்கால் என்பதும் அச்சொல்லின் பொருள். பாலைநிலத்து மொழி எண்களை வாய்க்கால் வெட்டி ஓட விட்டிருக்கிறது.

ஈசா டவுன் என்ற ஊரின் பெயரையும் சற்று உரசிப் பார்க்கலாம். 1961 முதல் 1999 வரை பஹ்ரைனை ஆண்ட ஷேக் ஈசா பின் சல்மான் அல் கலீஃபாவின் பெயரால், 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் அது. அரபியில் மதீனத் ஈசா. விவிலியத்து இயேசுவும் குர்ஆனின் ஈசாவும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். சைவக் காதுக்கோ அது ஈசன் என்பதன் விளியாகக் கேட்கும். மும்மதத்துத் தமிழரும் ஒரு பேருந்தில் இறங்குமிடம் சொல்லும்போது மூன்று பேரும் தத்தம் மரபு போற்றும் ஒருவரை அழைப்பதுபோல் ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் இனிமையான தற்செயல். 'டவுன்' என்பதன் வேர் இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது வேலியிட்ட இடத்தைக் குறித்தது; அதன் உடன்பிறந்த செருமானியச் சொல்லான 'சௌன்' இன்றும் வேலி என்றே பொருள்படும். ஊர் என்றால் வேலி, கடவு என்றால் வேலியின் வழி. ஈசா டவுனில் உட்கார்ந்து கடவுச்சொல்லைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

இனி இரண்டாம் உறுப்பான சொல். இங்கேதான் வரலாறு கொஞ்சம் இரத்தம் தோய்ந்தது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல் 12ஆம் அதிகாரத்தில், கீலேயாத்தியர் யோர்தான் ஆற்றின் துறைகளைப் பிடித்துக்கொண்டு, தப்பி அக்கரை போக வரும் எப்பிராயீமியர் ஒவ்வொருவரையும் நிறுத்தி 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியர் நாவுக்கு ஷகரம் வராது, 'சிபோலேத்' என்பார்கள், வெட்டப்படுவார்கள். 42,000 பேர் என்கிறது அந்நூல். நடந்த இடம் ஆற்றுத்துறை, மலையாளத்தில் சொன்னால் கடவு. கடவில் நின்று கேட்ட சொல், அதனால் சொல்லுக்குச் சொல் கடவுச்சொல். இந்தக் கதையைத் தமிழில் பெயர்த்தவர்களுக்குக் கிரந்த ஷகரம் இல்லாவிட்டால் கை ஒடிந்திருக்கும்; இரண்டையும் சகரத்தால் எழுதினால் ஏன் ஒருவன் பிழைத்தான், ஏன் ஒருவன் செத்தான் என்றே தெரியாது. தனித்தமிழ் எழுத்துமீது எனக்குள்ள பற்று குறையாமலே இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எபிரேயச் சொல்லுக்குப் பொருள் என்ன தெரியுமா? தானியக் கதிர். நம் நிகண்டுகளைப் புரட்டினால் சொல் என்பதற்கு மொழி என்ற பொருளோடு நெல் என்ற பொருளும் கிடக்கிறது. இரண்டுக்கும் உறவு உண்டென்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒலி ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு உலக மொழிகளையெல்லாம் தமிழில் கட்டும் பழக்கம் சொல்லாராய்ச்சியைக் கெடுத்தது போதும். ரசிப்பதற்குத் தடையில்லை.

நம் மரபில் இதற்கு இணையானது குழூஉக்குறி. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கப் பொருளின் இயற்பெயரை விட்டு வேறு பெயரால் வழங்குவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நன்னூல் உரைகளில் வழிவழியாக வரும் எடுத்துக்காட்டுகள். கடைக்கு வந்தவர் காதில் விழும்படியே பேசலாம், அவருக்கு விளங்காது. குழூஉக்குறியில் மறைவு பொருளில் இருக்கிறது, சொல் வெளிப்படை. கடவுச்சொல்லில் சொல்லே மறைவு. அதற்குப் பொருள் எதுவும் தேவையில்லை. சொல்லத்தகாத ஒன்றுக்குச் சொல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கணினிக்குள் அது புகுந்த இடம் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 1961இல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் உடனிருந்தவர்களும் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். பலர் கோப்புகள் ஓரிடத்தில் இருப்பதால் அவரவர் கோப்புக்கு அவரவர் மட்டும் போக ஆளுக்கொரு சொல் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிடும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்துப் பிறர் நேரத்தை எடுத்துக்கொண்டார். 1966இல் வழுவொன்றால் வரவேற்புச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் கடவுச்சொல் பட்டியல் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அனைவருடைய சொற்களையும் காட்டியது. வேலி போட்ட நாளிலிருந்தே ஓட்டையும் உண்டு.

இப்போது ஈசா டவுனின் ஒரு விசைப்பலகைக்கு வருவோம். அங்கே கடையிலும் அலுவலகத்திலும் விசைகளின் தலையில் ஆங்கில எழுத்தும் அரபி எழுத்தும் அருகருகே அச்சிட்டிருக்கும். ஆங்கில 'ஏ' விசையில் அரபியின் ஷீன், அதற்கு அடுத்த 'எஸ்' விசையில் ஸீன். யோர்தான் கரையில் உயிர் குடித்த அதே இரண்டு ஒலிகளும் இங்கே இடக்கையின் இரு விரல்களுக்குக் கீழே அடுத்தடுத்து அமைதியாக இருக்கின்றன. நமக்கு முன் உட்கார்ந்தவர் அரபியில் ஏதோ தட்டிவிட்டு எழுந்து போயிருப்பார். நாம் வழக்கம்போலக் கடவுச்சொல்லைத் தட்டுவோம். விரல்கள் சரியாகத்தான் போகும், திரையில் கறுப்புப் புள்ளிகள்தாம் தெரியும், உள்ளே பதிவதோ அரபி எழுத்து. தவறு என்று வரும். மறுபடி தட்டினால் மறுபடி தவறு. மூன்றாம் முறையோ ஐந்தாம் முறையோ கணக்கே பூட்டிக்கொள்ளும். திரையின் கீழ்மூலையில் பாருங்கள்: 'அய்ன்' என்ற அரபி எழுத்து நின்றால் பலகை அரபியில் இருக்கிறது, ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் மாறும். அந்த அய்ன்தான் ஈசா என்ற பெயரை அரபியில் எழுதும்போது முதலில் வரும் எழுத்து. அய்ன் என்றால் கண் என்றும் பொருள். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் படம் ஒன்று இருக்குமே, அருகில் யாரும் இல்லாதபோது அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தாலே என்ன எழுத்து விழுகிறதென்று தெரிந்துவிடும். பாதிப் பூட்டுகள் அதிலேயே திறந்துகொள்ளும்.

அரபுப் பட்டியலில் இன்னோர் ஏமாற்றமும் உண்டு. நம் அலுவலகத் தமிழில் பாக்கி, வசூல், அசல், நகல் என்று அரபிவழிச் சொற்கள் பல. பாரசீகமும் உருதும் இடையில் நின்று கைமாற்றித் தந்தவை. நகல் என்றால் நமக்குப் படி. கோப்பைக் கையாளும் அரபுப் பட்டியலில் 'நக்ல்' என்று படித்ததும் நகல்தானே என்று நம்பி அழுத்தினால், கோப்பு இருந்த இடத்தை விட்டே போய்விடும். அரபியில் நக்ல் என்றால் இடம் மாற்றிக் கொண்டுசெல்லல், நம் சொல்லில் கடத்தல். படியெடுப்பதற்கு அவர்கள் சொல் 'நஸ்க்'. வரும் வழியில் பொருள் மாறி நம்மிடம் வந்த சொல், பிறந்த ஊருக்குப் போனதும் பழைய பொருளைக் காட்டுகிறது.

பஹ்ரைனில் குடியிருக்கும் எவருக்கும் 'சிபிஆர்' என்ற மூன்றெழுத்து இல்லாமல் நாள் நகராது. அடையாள அட்டைக்கும் அதிலுள்ள ஒன்பது இலக்க எண்ணுக்கும் அதுவே பெயர். அட்டைக்கான அரசு அலுவலகம் ஈசா டவுனில் இருப்பதால் அந்த ஊரைப் பலர் முதலில் அறிவதே அதன் வழியாகத்தான். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு, அடுத்த இரண்டு பிறந்த மாதம். ஆகவே சிபிஆர் எண்ணையோ அதன் முன்பாதியையோ கடவுச்சொல்லாக வைப்பதில் பயனில்லை; உங்கள் பிறந்த ஆண்டும் மாதமும் அறிந்தவர்களுக்கெல்லாம் நான்கு இலக்கம் தெரியும். விரிதாளில் இதே எண் வேறு வகையில் தொல்லை தரும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும். எக்செல்லோ முன்னிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அதை விழுங்கிவிட்டு எட்டு இலக்கத்தையோ அதற்கும் குறைவாகவோ நீட்டும். ஈசா டவுனின் இந்தியப் பள்ளி வளாகம்போலப் பல்லாயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பட்டியல் தட்டுபவருக்கு இது பட்டியலின் ஒரு பகுதியைப் பாழாக்கும். தட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை எண்வகையிலிருந்து எழுத்துவகைக்கு மாற்றிவிட வேண்டும். அல்லது எண்ணுக்கு முன் ஒரு மேற்குறி இட வேண்டும்.

அந்தச் சுழியத்தின் பெயர்க்கதை இங்கே விட்டுப்போக முடியாத ஒன்று. வடமொழி சூனியம் என்பதைக் கணக்கு நூல்களோடு பெற்ற அரபியர் 'வெறுமை' என்று பொருள்படும் தம் 'ஸிஃப்ர்' என்ற சொல்லால் அதை வழங்கினார்கள். அது ஐரோப்பா போய் ஒரு கிளையில் 'ஜீரோ' ஆயிற்று, இன்னொரு கிளையில் 'சைஃபர்' ஆகி முதலில் எண்ணையும் பின்னர் மறையெழுத்தையும் குறித்தது, பிரெஞ்சில் 'ஷிஃப்ர்'. மறையெழுத்து என்ற அந்தப் புதுப்பொருளோடு அது அரபிக்கே திரும்பி வந்தபோது யாரும் அதைப் பழைய வீட்டுப் பிள்ளையென்று அடையாளம் காணாமல், ஷீன் எழுத்தால் எழுதி, அதிலிருந்து 'தஷ்ஃபீர்' என்று ஒரு வினைப்பெயரையும் பிறப்பித்தார்கள். மறையாக்கத்துக்கு இன்றைய அரபுச் சொல் அதுதான். ஸீன் குடும்பத்து ஒலியோடு போனது ஷீனோடு திரும்பியது. ஷிபோலேத் காவலன் இருந்திருந்தால் தயங்காமல் உள்ளே விட்டிருப்பான். நாமோ சூனியத்தைச் சுன்னமாக்கினோம், பூஜ்யத்தைப் பூச்சியமாக்கினோம், சுழித்து எழுதும் வடிவத்தைப் பார்த்துச் சுழியம் என்று சொந்தமாகவும் ஒன்று வைத்துக்கொண்டோம்.

மறையாக்கம் என்றதும் ஒரு நடைமுறைச் செய்தி. எக்செல் தாளுக்குப் 'பாதுகாப்பு' என்று ஒரு கடவுச்சொல் போடலாம். அது தவறிக் கைபட்டு அழியாமல் காக்கும் வேலி மட்டுமே, உள்ளிருக்கும் எண்களை மறையாக்குவதில்லை. சம்பளப் பட்டியலோ சிபிஆர் எண்களோ இருந்தால் கோப்பு முழுவதையும் மறையாக்கிக் கடவுச்சொல் இடும் வழியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதன் கடவுச்சொல்லை மறந்தால் கோப்பும் போனதுதான். இரண்டுக்கும் திரையில் ஒரே கடவுச்சொல் என்ற பெயர் இருப்பது மயக்கம் தருகிறது.

அந்த மயக்கம்தான் என்னை ஒரு வழக்குக்கு இழுக்கிறது. கடவுச்சொல் என்ற பெயர் அழகானது, ஆழமானது. ஆனால் அது செய்யும் வேலையைச் சொல்கிறதே தவிர, காக்க வேண்டிய கடமையைச் சொல்லவில்லை. மறைச்சொல் என்று எழுதுவோரும் நம்மிடை உண்டு. அரபியிலும் 'கலிமத்துஸ் ஸிர்' என்று மறைவைக் குறிக்கும் பெயர் முரூரோடு போட்டியிடுகிறது. மறை என்பது மறைவு, மறையே வேதமும். உரியவர் அல்லாதார்க்கு ஓதலாகாது என்ற கட்டுப்பாடு பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நிலையான கடவுச்சொல்லுக்கு இன்று நிலைத்துவிட்ட பெயரை மாற்றச் சொல்ல மாட்டேன். கடவையும் கடவுச்சீட்டும் கடப்பிதழும் சூழ நிற்கும் குடும்பத்திலிருந்து அதைப் பிரிக்க மனம் வராது. ஆனால் கைப்பேசிக்கு வந்து சில நிமிடத்தில் செத்துப்போகும் 'ஓடிபி'க்கு 'ஒருமுறைக் கடவுச்சொல்' என்று பெயர் சூட்டியிருப்பது சரியில்லை. அது சொல் அன்று, எண். கடவு என்பதும் அங்கே பொருந்தவில்லை. பெரும்பாலும் அதைக் கொடுத்து நாம் எங்கும் கடப்பதில்லை, நம் பணம்தான் கடக்கிறது.

அறைவாசிகள் நான்கு பேர் சேர்ந்து இருக்கும் இடத்தில் 'பாஸ்வேர்டு என்னண்ணே?' என்று ஒருவர் அடுக்களையிலிருந்து கேட்பதும் மற்றவர் கட்டிலிலிருந்து உரக்கச் சொல்வதும் நடக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாக, சிபிஆர் முடங்கிவிட்டதாகச் சொல்லித் தமிழிலோ இந்தியிலோ அழைப்பவனும் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் 'ஒரு நம்பர் வரும், சொல்லுங்க' என்கிறான். சொல்லுங்க என்ற ஏவலில் இருக்கிறது அவன் பிழைப்பு. எந்த வங்கியும் எந்த அரசு அலுவலகமும் அழைத்து அந்த எண்ணைக் கேட்பதில்லை. பேசுகிறவர் பெயர், பதவி, உங்கள் முழுப்பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள். அந்த எண்ணுக்கு 'மறையெண்' என்று பெயர் இருந்தால், 'மறையெண்ணைச் சொல்லுங்க' என்று கேட்கும்போதே அந்தத் தொடர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை மறையெண் என்று விரிக்கலாம். பேச்சில் மறையெண் போதும்.

இனி வருவன வேறு. நீண்ட தொடரையே கடவுச்சொல்லாக வைக்கச் சொல்கிறார்கள்; கடவுத்தொடர் என்று அதற்குப் பெயரும் ஆயிற்று. நான்கு தொடர்பில்லாத தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து எழுதினால் நினைவிலும் நிற்கும், பிறரால் ஊகிப்பதும் கடினம். பழமொழியும் பாட்டின் முதலடியும் மட்டும் வேண்டாம். விரல்ரேகையாலும் முகத்தாலும் திறக்கும் 'பாஸ்கீ' வந்துவிட்டது. இதைக் கடவுச்சாவி என்பதா, கடவுத்திறவி என்பதா? சாவி போர்த்துக்கீசியரின் 'ஷாவே'. பஹ்ரைனையும் 1521இல் பிடித்து 1602 வரை கோட்டையில் இருந்தவர்கள் அவர்கள்தாம். நானூறு ஆண்டுக்கு மேலாக நம் இடுப்பில் தொங்கும் சாவியை இனி அயலார் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் திறவு என்னும் வினை கையில் இருக்கையில் கடவுத்திறவிக்கே என் வாக்கு.

ஒரு வேண்டுகோள். வேலியில் ஆள் நுழைய விடும் இடைவெளிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? கடவா, கடப்பா, கடவையா, வேறு ஏதாவதா? கொங்கு நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் மட்டக்களப்பிலும் வளர்ந்தவர்கள், ஊர்ப்பெயரோடும் யார் வாயில் கேட்டீர்கள் என்ற குறிப்போடும் எழுதி அனுப்புங்கள்.